வால்வு ஏன் சிவந்தது?

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

இவ்வாண்டுக் கல்லூரி நாள் விழாவில் நம் மாணவர்களின் மெல்லிசை நிகழ்ச்சி நடந்தபோது, மேடையின் இடப்பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். ரெக்சின் உரிந்து, மூலைத் தகடுகள் துருவேறிய பெட்டி. "பழைய ரேடியோவை எதற்கு மேடையில் வைத்திருக்கிறீர்கள்?" என்று வேதியியல் துறை நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். அது ரேடியோ அன்று. என் பெரியப்பாவின் கிட்டார் ஆம்ப்ளிபையர். மேடை ஏறுவதற்கு முன் அது நம் இயற்பியல் ஆய்வகத்தில் ஏழு வாரம் படுத்துக் கிடந்தது. அந்த ஏழு வாரத்தில் நாங்கள் கண்டதை எழுதித் தருமாறு மலர்க் குழுப் பேராசிரியர் பணித்தார், ஆகவே இக்கட்டுரை. மின்னியல் படிக்காத நண்பர்களும் சற்றுப் பொறுமையோடு படித்தால் புரியும்படி எழுத முயன்றிருக்கிறேன்.

பெரியப்பா தபால் நிலைய எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். இளமையில் ஊர்த் திருவிழாக்களிலும் திருமண வரவேற்புகளிலும் வாசிக்கும் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்தார். அந்த நாளில் வெளிநாட்டு ஆம்ப்ளிபையர் வாங்கும் வசதி யாருக்கு இருந்தது? ரேடியோ பழுது பார்க்கும் ஒருவர், ஆங்கிலேய நாட்டுக் கருவிகளின் பாணியில், கையால் செய்து கொடுத்ததுதான் இது. உட்புறத் தகட்டில் பென்சிலால் 12-8-78 என்று தேதி எழுதியிருக்கிறது. குழு கலைந்தது, பெட்டி பரணில் ஏறியது. ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் பெரியப்பாவுக்கு மறுபடி வாசிக்க ஆசை வந்து, அதை இறக்கி ஒரு கடையில் கொடுத்தார்.

அங்கே தொடங்கியது வினை. ஸ்விட்சைப் போட்டால் உள்ளே இருந்த வால்வு ஒன்று அடுப்புக் கரி போலச் சிவந்தது. "வால்வு போய்விட்டது" என்று கடையில் புதிதாக ஒரு ஜோடி வாங்கிப் போட்டார்கள். இரண்டு வாரத்தில் மறுபடியும் சிவப்பு. மறுபடியும் ஒரு ஜோடி. ஒவ்வொரு முறையும் பெரியப்பாவின் ஓய்வூதியத்தில் ஒரு பெரும் துண்டு போயிற்று. மூன்றாம் முறை சிவந்தபோது, "உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டுப் புது டிரான்சிஸ்டர் போர்டு ஒன்று வைத்துத் தருகிறோம், பெட்டி அப்படியே இருக்கும்" என்றார்கள். பெரியப்பா பதில் சொல்லாமல் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கடைக்காரரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. வால்வுக் கருவிகள் அவர் கைக்கு வருவது அபூர்வம். ஆனால் ஒரு கேள்வி அவர் மனத்தில் எழாமற் போனதுதான் வியப்பு. மூன்று வால்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நோயில் விழுமா?

டிரான்சிஸ்டர் வந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் கிட்டார் கலைஞர்கள் வால்வை விடாததற்குக் காரணம் உண்டு. வானொலிக்கும் பேச்சுக்கும் வேண்டிய ஆம்ப்ளிபையர், கொடுத்த அலையை அப்படியே பெரிதாக்க வேண்டும். கிட்டாருக்கு வேண்டியது வேறு. தந்தியை ஓங்கி மீட்டும்போது வால்வு தன் எல்லையை எட்டுகிறது. அலையின் உச்சி வெட்டப்படாமல் மெல்ல மழுங்குகிறது. அதனால் பிறக்கும் மேற்சுரங்கள் ஒலிக்கு ஒரு தடிப்பைத் தருகின்றன. அந்தக் குறையையே குணமாக்கிக் கொண்டது கிட்டார் இசை. அமெரிக்காவில் ஃபெண்டர், பிரிட்டனில் வாக்ஸ், மார்ஷல் ஆகிய பெயர்கள் இவ்வாறு புகழ் பெற்றவை. வாக்ஸ் 1958இல் வெளியிட்ட ஏ.சி.15 என்ற கருவியில் ஒலி தரும் கடைசி வால்வுகள் இரண்டு இ.எல்.84. பெரியப்பாவின் பெட்டியிலும் அதே இரண்டு இ.எல்.84, அவற்றுக்கு முன்னே இரண்டு இ.சி.சி.83, மாறு மின்னோட்டத்தை நேராக்கும் இ.இசட்.81 ஒன்று. முதலில் அதில் இருந்த இ.எல்.84 இரண்டும் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் செய்தவை. இன்று நம் நாட்டுக் கடைகளுக்கு இவை ஸ்லோவாக்கியா, ரஷியா, சீனா போன்ற நாடுகளிலிருந்தே வருகின்றன. விலை அதிகமாயிருப்பதில் வியப்பில்லை.

வால்வின் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1904இல் ஃபிளெமிங் செய்த வெற்றிடக் குழாயில் இரண்டே உறுப்புகள்: சூடேறி எலெக்ட்ரான்களை உமிழும் கேத்தோடு, அவற்றை ஈர்க்கும் ஆனோடு. 1906இல் லீ டி ஃபாரஸ்ட் இவ்விரண்டுக்கும் நடுவே கிரிட் என்ற மூன்றாவதைச் சேர்த்தார். அணையின் மதகு போன்றது கிரிட். கேத்தோடைவிட அது எதிர் மின்னழுத்தத்தில் இருக்கும்வரை எலெக்ட்ரான் வெள்ளம் அடங்கி ஓடும். அந்த எதிர் மின்னழுத்தம் சிறிது குறைந்தால் வெள்ளம் பெருகும். கிட்டாரிலிருந்து வரும் சிறு அலை மதகை ஆட்டுகிறது. பெருவெள்ளம் அதற்கேற்ப ஆடுகிறது. வால்வின் பெருக்கம் அவ்வளவே.

ஆனோடை நோக்கிப் பாயும் எலெக்ட்ரான்கள் அதன்மேல் மோதித் தங்கள் இயக்க ஆற்றலை வெப்பமாக விட்டுச் செல்கின்றன. இ.எல்.84இன் ஆனோடு 12 வாட் வெப்பம்வரை தாங்கும். அதற்கு மேல் போனால் உலோகம் சிவக்கிறது. ஆகவே சிவப்பு என்பது நோயன்று, நோயின் குறி. மதகு திறந்து கிடக்கிறது என்று அந்தச் சிவப்பு சொல்கிறது. யார் திறந்து வைத்தார்கள் என்று தேடுவதே எங்கள் வேலை.

தேடத் தொடங்கும் முன் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்ல வேண்டும். ஆய்வகத்துக்குக் கொண்டு வருவதற்கு முந்தைய இரவு, வீட்டில் தனியாகப் பெட்டியைத் திறந்தேன். இ.இசட்.81ஐ மட்டும் விட்டு மற்ற வால்வுகளைக் கழற்றிவிட்டு மின்சாரம் கொடுத்தேன். எச்.டி. என்று பழைய மெக்கானிக்குகள் சொல்லும் உயர் மின்னழுத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்க எண்ணம். 380 வோல்ட் காட்டியது. மகிழ்ந்து, பிளக்கைப் பிடுங்கினேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகு என்ன பயம் என்று உள்ளே கை வைத்தேன். தோள்வரை ஓர் அடி. நாற்காலியோடு பின்னால் விழுந்தேன். அடுத்த அறையிலிருந்து அம்மா ஓடி வந்தார்கள்.

என்ன நடந்தது? எச்.டி. பாதையில் 32 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகள் இரண்டு இருக்கின்றன. மற்ற வால்வுகள் இடத்தில் இருந்திருந்தால், அணைத்த பின்னும் அவை சிறிது நேரம் மின்னோட்டம் இழுத்து மின்தேக்கிகளை வடித்திருக்கும். நான்தான் அவற்றைக் கழற்றிவிட்டேனே! வடிய வழியின்றி 380 வோல்ட் அப்படியே நின்றது. முதலாம் ஆண்டுச் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: 64 மைக்ரோஃபாரட், 380 வோல்ட், ஆற்றல் ஏறத்தாழ 4.6 ஜூல். ஒரு கிலோ எடையை அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தூக்கும் ஆற்றல் அது. இரண்டு கைகளாலும் தொட்டு, அது நெஞ்சின் வழியே பாய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

மறுநாள் பேராசிரியரிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. அதுவே எனக்குப் பெரிதாக உறுத்தியது. மூன்று கட்டளைகள் மட்டும் இட்டார். இனி இந்தப் பெட்டி ஆய்வகத்தில்தான் திறக்கப்பட வேண்டும். அருகில் இன்னொருவர் இருக்க வேண்டும். மின்சாரம் இருக்கும்போது ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஆய்வக உதவியாளர் அண்ணன் 10 கிலோ ஓம், 10 வாட் மின்தடை ஒன்றில் காப்பிட்ட கம்பிகளைப் பற்றவைத்துக் கொடுத்தார். ஒவ்வொரு முறை அணைத்த பிறகும் அதை மின்தேக்கியின் இரு முனைகளிலும் சில விநாடி பிடிக்க வேண்டும். பிறகு மீட்டரால் அளந்து சுழி என்று பார்த்த பின்னரே கை வைக்கலாம். ஸ்குரூ டிரைவரால் குறுக்கே தொட்டு 'டப்' என்று வெடிக்க வைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அதில் மின்தேக்கியும் கெடும், கண்ணில் பொறியும் தெறிக்கும்.

ஃபியூஸைப் பார்த்தோம். கண்ணாடிக் குழல் ஃபியூஸ்தான். ஆனால் அதன்மேல் யாரோ சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றியிருந்தார்கள்! ஃபியூஸ் அறுந்தால் ஏன் என்று கேளாமல் இப்படிச் சுற்றிவிடுவது நம் ஊர் வழக்கம். அதை மாற்றிவிட்டு, மின்பாதையில் 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்தோம். மோட்டார் கட்டுபவர்களும் ரேடியோ மெக்கானிக்குகளும் கையாளும் பழைய உபாயம் இது. உள்ளே எங்காவது ஷார்ட் ஆகியிருந்தால் பல்பு முழுப் பிரகாசத்தோடு எரிந்து, கருவியைக் காப்பாற்றிவிடும். எங்கள் பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கியது. மின்மாற்றி நல்ல நிலையில் இருக்கிறது என்று அறிந்து பெருமூச்சு விட்டோம். அது போயிருந்தால் இக்கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும்.

இடையில் ஓர் எச்சரிக்கை. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வால்வு ஆம்ப்ளிபையரை இயக்கக் கூடாது. சுமையின்றி அலை வந்தால் வெளியீட்டு மின்மாற்றியில் பெரும் மின்னழுத்தங்கள் எழுந்து காப்பு பொத்துப்போகும். டிரான்சிஸ்டர் கருவியில் பழகியவர்களுக்கு இது புதிதாயிருக்கும்.

சுற்றுப் படம் எங்களிடம் இல்லை. செய்தவர் இன்று இல்லை; படம் வரைந்து வைத்தாரோ என்னவோ, பெரியப்பாவிடம் அதுவும் இல்லை. ஒவ்வொரு கம்பியாகக் குச்சியால் தொடர்ந்து சென்று நானே வரைந்தேன். இரண்டு வாரம் அதிலேயே போயிற்று. நான்கு முறை தப்பாக வரைந்து கிழித்தேன். பழுது பார்ப்பதில் இது சலிப்பூட்டும் பகுதி என்றாலும், வரைந்து முடித்தபோது ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு மின்னழுத்தம் இருக்க வேண்டும் என்று காகிதத்திலேயே கணக்கிட முடிந்தது. இரு இ.எல்.84களின் கேத்தோடுகளும் சேர்ந்து ஒரே 130 ஓம் மின்தடை வழியாகத் தரையை அடைகின்றன. ஏறத்தாழ 300 வோல்ட்டில் இரண்டும் சேர்ந்து 80 மில்லி ஆம்பியர் இழுக்க வேண்டும் என்பது அந்த வால்வுக்குரிய கையேட்டுக் கணக்கு. ஓம் விதிப்படி அந்த மின்தடையில் 10.4 வோல்ட் விழ வேண்டும். கிரிட் இரண்டும் 470 கிலோ ஓம் மின்தடைகள் மூலம் தரையோடு இணைந்திருப்பதால் அங்கே சுழி. ஆக, கேத்தோடைவிட கிரிட் 10.4 வோல்ட் எதிரில் நிற்கிறது. மதகு வேண்டிய அளவே திறந்திருக்கிறது.

முதல் சோதனைக்கு மீட்டரே தேவைப்படவில்லை. இரு இ.எல்.84களையும் இடம் மாற்றிப் போட்டோம். நோய் வால்வில் இருந்தால் சிவப்பும் அதோடு இடம் மாற வேண்டும். மாறவில்லை! எந்த வால்வைப் போட்டாலும் வலப்பக்க சாக்கெட்டில் உட்கார்ந்தது சிவந்தது. இடப்பக்கத்தது சாதுவாக இருந்தது. இரண்டு நிமிடச் சோதனை. இதை முதலிலேயே செய்திருந்தால் பெரியப்பாவின் பணம் மிஞ்சியிருக்கும்.

அடுத்து கேத்தோடு மின்தடையை அளந்தோம். 130 ஓம் சரியாகவே இருந்தது. அதன் குறுக்கே மின்னழுத்தம் 10.4க்குப் பதிலாக 13 வோல்ட். அப்படியானால் 100 மில்லி ஆம்பியர். அதன் பெரும்பகுதியை வலப்பக்க வால்வே இழுக்கிறது. அதன் ஆனோடில் 80 மில்லி ஆம்பியர் என்று கொண்டாலும் 24 வாட். தாங்கக்கூடியதில் இரு மடங்கு. வலப்பக்க கிரிட்டில் சுழிக்குப் பதில் நேர் மின்னழுத்தம் இருக்க வேண்டும் என்று ஊகித்தேன். நம் ஆய்வகத்தில் எல்லாரும் கையாளும் 0–10 வோல்ட் முள் வோல்ட்மீட்டரை எடுத்து கிரிட்டில் வைத்தேன். முள் அசைந்ததாகவே தெரியவில்லை. 0.2 வோல்ட் இருக்கலாம். ஊகம் பொய்த்தது என்று சோர்ந்துவிட்டேன்.

இரண்டு நாள் வேறு இடங்களில் தேடினேன். சாக்கெட்டைச் சுரண்டினேன், பற்றவைப்புகளை எல்லாம் மறுபடி சூடாக்கினேன், ஒன்றும் பயனில்லை. மூன்றாம் நாள் மறுபடியும் அதே முள் மீட்டரை அதே கிரிட்டில் வைத்தபோது, எதிரில் நின்ற அண்ணன், "தம்பி, கொஞ்சம் அப்படியே பிடி. வால்வைப் பாரு" என்றார். பார்த்தேன். சிவப்பு மெல்ல மெல்ல மங்கிக்கொண்டிருந்தது. மீட்டரை எடுத்தேன், சில விநாடியில் சிவந்தது. வைத்தேன், மறைந்தது. மருத்துவர் நாடி பிடித்தவுடன் காய்ச்சல் இறங்கி, கையை விட்டவுடன் ஏறுவது போல!

உடனே அணைத்துவிட்டு இருவரும் உட்கார்ந்தோம். அந்த மீட்டரின் முதுகில் 'ஒரு வோல்ட்டுக்கு 1000 ஓம்' என்று எழுதியிருந்தது. 10 வோல்ட் அளவுக்கு மொத்தம் 10,000 ஓம். கிரிட்டிலிருந்து தரைக்கு இருக்கும் மின்தடையோ 4,70,000 ஓம். அதன் பக்கத்தில் நான் 10,000 ஓம் வழியொன்றைத் திறந்துவிட்டிருக்கிறேன்! எங்கிருந்தோ கசிந்து வந்த சிறு மின்னோட்டம் மீட்டர் வழியே சுலபமாகத் தரைக்குப் போய்விட்டது. கிரிட் சுழிக்கு இறங்கியது; வால்வு அமைதியானது; மீட்டரும் உண்மையாகவே சுழிக்கு அருகில் காட்டியது. மீட்டர் பொய் சொல்லவில்லை. தான் வந்த பிறகு உள்ள நிலையைச் சொன்னது. தான் வருவதற்கு முன் இருந்த நிலையை அதனால் சொல்ல இயலாது. 'இலட்சிய வோல்ட்மீட்டரின் மின்தடை முடிவிலி' என்று இரண்டு மதிப்பெண் வினாவுக்கு எத்தனை முறை எழுதியிருக்கிறேன்! அதன் பொருள் அன்று மாலைதான் விளங்கியது.

10 மெகா ஓம் மின்தடையுள்ள டிஜிட்டல் மீட்டரைக் கொண்டு வந்தோம். இப்போது வலப்பக்க இ.எல்.84ஐக் கழற்றிவிட்டு வெற்று சாக்கெட்டின் இரண்டாம் முனையில் அளந்தோம். இதற்குக் காரணம் உண்டு. கிரிட்டில் நேர் மின்னழுத்தம் வருவதற்கு இரண்டு வழிகளே. வால்வின் உள்ளே வாயு சேர்ந்தோ கிரிட்டே எலெக்ட்ரான் உமிழ்ந்தோ வரலாம். அல்லது வெளியிலிருந்து வரலாம். வால்வைக் கழற்றிய பின்னும் மின்னழுத்தம் இருந்தால் குற்றவாளி வெளியில்தான். மீட்டர் 8.6 வோல்ட் காட்டியது.

வெளியிலிருந்து கிரிட்டுக்கு வரும் வழி ஒன்றே ஒன்றுதான். முந்தைய நிலையில் உள்ள இ.சி.சி.83இன் ஆனோடிலிருந்து 0.02 மைக்ரோஃபாரட் இணைப்பு மின்தேக்கி. மெழுகில் தோய்த்த காகிதத்தால் ஆனது. கட்டைவிரல் நுனி அளவு. அதன் ஒரு முனையில் 200 வோல்ட் நேர் மின்னழுத்தம் நிற்கிறது. இசையின் மாறு அலையை மட்டும் கடத்தி, இந்த 200 வோல்ட்டைத் தடுத்து நிறுத்துவது அதன் கடமை. பரணில் கிடந்த ஆண்டுகளில் காகிதம் ஈரம் குடித்துவிட்டது. கணக்கிட்டுப் பார்த்தால் அதன் கசிவு மின்தடை சுமார் 10 மெகா ஓம். ஒரு கோடி ஓம்! பொதுவாக இதைக் 'கசிவு' என்று யாரும் சொல்லமாட்டார்கள். கழற்றி முள் மல்ட்டிமீட்டரின் ஓம் அளவில் வைத்துப் பார்த்தோம்; முள் அசையவில்லை. மின்கலத்தின் சில வோல்ட்டில் நல்லவனாக நடிக்கும் மின்தேக்கி, 200 வோல்ட்டில்தான் தன் குணத்தைக் காட்டுகிறது. ஆகவே அதைச் சோதிக்க வேண்டிய இடம் கருவிக்கு உள்ளே, மின்னழுத்தம் இருக்கும்போதுதான்.

புதிய 0.022 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் பிளாஸ்டிக் படல மின்தேக்கி சில ரூபாய்தான். ஒன்று கெட்டால் அதோடு பிறந்த மற்றதும் கெடும் நாள் தொலைவில் இல்லை என்று இரண்டையும் மாற்றினோம். கிரிட்டில் சுழி. கேத்தோடில் 10.4. அறையின் விளக்கை அணைத்துவிட்டு வால்வுகளைப் பார்த்துக்கொண்டே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். சூடேற்றும் இழையின் மெல்லிய ஆரஞ்சு ஒளி தவிர வேறு சிவப்பு இல்லை.

இதில் எதிர்பாராத ஒரு நன்மையும் கிடைத்தது. பெரியப்பா எதையும் தூக்கிப் போடாதவர். கடையில் கழற்றிய வால்வுகளையெல்லாம் கேட்டு வாங்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார். ஒவ்வொரு ஜோடியிலும் வலப்பக்கத்தில் உட்கார்ந்தது மட்டுமே வெந்திருக்கும். இடப்பக்கத்தது நன்றாகத்தானே இருக்க வேண்டும்? எது எங்கே இருந்தது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. ஒவ்வொன்றாகப் போட்டு அளந்தோம். வெளியீட்டு மின்மாற்றியின் இரு பாதிகளின் மின்தடையையும், அவற்றில் விழும் மின்னழுத்தத்தையும் அளந்தால் ஒவ்வொரு ஆனோடின் மின்னோட்டமும் தெரிந்துவிடும். மூன்று வால்வுகள் நல்லவையாகத் தேறின. புதியவற்றில் 35, 37 மில்லி ஆம்பியர் காட்டிய இரண்டை ஜோடி சேர்த்தோம். பழைய பெங்களூர் வால்வு ஒன்று இன்னும் டப்பாவில் இருப்பாக இருக்கிறது. புது வால்வு வாங்க நாங்கள் ஒரு ரூபாயும் செலவிடவில்லை என்று சொன்னபோது பெரியப்பா, "அப்போ அவங்க வாங்கிப் போட்டதெல்லாம் வீணாப் போகலியா?" என்று மறுபடி மறுபடி கேட்டார்.

சிவப்பு போயிற்று, முனகல் நின்றபாடில்லை. ஸ்பீக்கரில் 'உம்' என்ற ஒலி. மின்சார முனகல் இரு வகை. மின்வாரியத்தின் 50 ஹெர்ட்சே நேராக நுழைந்தால் 50. அலைதிருத்தி இரு பாதியலைகளையும் நேராக்கிய பின் அதை வடிகட்டும் மின்தேக்கி சரியாக வேலை செய்யாவிட்டால் 100. எது என்று அறிய அலைநோக்கியை இழுத்து வரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அன்று ஆய்வகத்துக்கு வந்திருந்த பெரியப்பா கிட்டாரை மடியில் வைத்து, தடித்த தந்தியின் மூன்றாம் கட்டைப் பிடித்து மீட்டினார். "இந்தச் சுருதிதான். இதுக்கு ஒரு நூல் மேல" என்றார். அந்தச் சுரத்தின் அதிர்வெண் 98! ஒரு நூல் மேல் என்றால் 100. செவியே அலைநோக்கியாயிற்று. (இதே பெட்டி 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள அமெரிக்காவில் முனகினால் சுருதி 120க்கு ஏறியிருக்கும்.)

ஆகவே வடிகட்டி மின்தேக்கிகள். அன்று இரவு என்னை அடித்த அதே இரண்டுதான். உள்ளிருக்கும் நீர்மம் வற்றிக் கொள்ளளவு குறைந்திருந்தது. 33 மைக்ரோஃபாரட், 450 வோல்ட்டில் புதியவை போட்டோம். 'பெரிதாகப் போட்டால் முனகல் இன்னும் குறையுமே' என்று 220 போட என் கை துறுதுறுத்தது. அப்படிச் செய்தால் ஒவ்வொரு அலை உச்சியிலும் இ.இசட்.81 தாங்க மாட்டாத மின்னோட்டத்தைக் கொடுக்க வேண்டியிருக்கும். அதன் முதல் மின்தேக்கிக்குக் கையேடு விதித்த எல்லை 50. முனகலில் ஒரு பகுதி முன்பே குறைந்திருந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். இரு இ.எல்.84களும் சமமாக இழுக்கும்போது எச்.டி.யில் உள்ள அலைவு மின்மாற்றியின் இரு பாதிகளில் எதிரெதிராகப் பாய்ந்து தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. ஒன்று மட்டும் வெறிகொண்டு இழுத்தபோது அந்தச் சமன் கெட்டிருந்தது.

கரகரப்பு, வெடிப்பு ஒலிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒலிக் கட்டுப்பாட்டில் தூசி, சுத்தம் செய்தோம். மூங்கில் குச்சியால் உறுப்புகளை ஒவ்வொன்றாக மெல்லத் தட்டி, எதைத் தட்டினால் ஸ்பீக்கர் கத்துகிறது என்று பார்த்து, விட்டுப்போன பற்றவைப்பு ஒன்றைப் பிடித்தோம். பென்சிலால் தட்டாதீர்கள், அதன் உள்ளிருக்கும் கரி மின்கடத்தி.

கடைசியாக ஒன்று. இதை முதலில் செய்திருக்க வேண்டும். பெட்டியிலிருந்து வெளியே வரும் கம்பி இரட்டைக் கம்பி, பிளக்கில் இரண்டே முள், எர்த் இல்லை. டிஜிட்டல் மீட்டரால் தகட்டுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்தால் 90 வோல்ட் காட்டியது. மின்மாற்றியின் சுற்றுகளுக்கும் தகட்டுக்கும் இடையே உள்ள சிறு மின்தேக்கத்தின் வழியே வருவது. பாயக்கூடிய மின்னோட்டம் சொற்பம். ஆனால் கிட்டாரின் தந்திகள் ஒயர் வழியே இத்தகட்டோடுதான் இணைந்திருக்கின்றன. "பெரியப்பா, வாசிச்சுக்கிட்டே மைக்ல பாடும்போது எப்பவாவது ஷாக் அடிச்சிருக்கா?" என்று கேட்டேன். "எப்பவாவதா? தினமும்தான். உதட்டுல சுருக்குனு கடிக்கும். ஈரத்துல நின்னா இன்னும் ஜாஸ்தி. அதுக்காகவே மைக்கைச் சுத்தி கைக்குட்டை கட்டிக்குவேன்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1972இல் பிரிட்டனின் ஸ்வான்சி நகரில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர், சரியான எர்த் இல்லாத மைக்கை மேடையிலேயே தொட்டு மாண்டார். பெரியப்பாவின் மின்மாற்றியில் எப்போதாவது காப்பு பொத்துப் போயிருந்தால் அந்த 'சுருக்கு' 230 வோல்ட்டாக வந்திருக்கும்; கைக்குட்டை என்ன செய்யும்? மூன்று கம்பி ஒயர் போட்டு, பச்சைக் கம்பியைத் தகட்டில் தனித் திருகால் முடுக்கி, ஃபியூஸும் ஸ்விட்சும் ஃபேஸ் கம்பியில் வருமாறு மாற்றினோம். மறுபடி அளந்தோம். சுழி. நம் கல்லூரி மேடையின் பிளக்குகளில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்றும் விழாவுக்கு முந்தைய நாள் அண்ணனும் நானும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இரண்டில் இல்லை. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துச் சரி செய்யப்பட்டது.

விழா அன்று பெரியப்பா மேடைக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாசித்தவர் நம் இரண்டாம் ஆண்டு வரலாற்று மாணவர். இரண்டாம் பாட்டின் நடுவில் அவர் கிட்டாரோடு மைக்கை நெருங்கியபோது பெரியப்பா தன்னை அறியாமல் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்ததைப் பார்த்தேன்.

பெட்டியின் முன்பக்கத்தில் 'வைப்ரேட்டோ' என்று ஒரு குமிழ் உண்டு. அது இன்னும் வேலை செய்யவில்லை. இ.சி.சி.83இன் ஒரு பாதியைக் கொண்டு மெதுவாக அலையெழுப்பும் சுற்று அது. அதிலும் அதே மெழுகுக் காகித மின்தேக்கிகள் மூன்று இருக்கின்றன. "அதை நான் அந்தக் காலத்துலயே தொட்டதில்லை, விடுடா" என்கிறார் பெரியப்பா. பருவத் தேர்வு முடிந்ததும் திறப்பதாக இருக்கிறேன். அண்ணன் உடனிருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.